ஜூலை மாதத்தில் மஃப்ளர்

அத்தியாயம் 17

போன வார அத்தியாயத்தில் மைஸூன் சாத்திய கதவு இன்னும் சாத்தியபடியேதான் இருக்கிறது. சாத்தினாளா, அறைந்தாளா என்று கேட்டால் அறைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஸல்த் நகரத்துப் படிக்கட்டுத் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. காரணம் ஒரு மஃப்ளர். சாம்பல் நிறத்தில், முரட்டுக் கம்பளியில், பனிக்காலத்தில் கட்டுகிற மஃப்ளர். பெரிய வாப்பா ஃபவ்வாஸ் அதை ஒரு பையில் கொண்டுவந்து, "நாளைக்கு உன் வாப்பா கழுத்துக்கு" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த நாளைக்குத்தான் இன்று. வெள்ளிக்கிழமை. மைஸூனைப் பெண் கேட்டு யஸன் வீட்டார் ஜாஹா கொண்டு வருகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் திரண்டு வந்து உட்காருவார்கள். அவர்களில் மூத்தவர் முன்னால் ஒரு கோப்பைக் காபி வைக்கப்படும். வந்த காரியம் முடியாமல் அவர் அதைத் தொடமாட்டார். பெண்ணைக் கொடுக்கிறோம், குடியுங்கள் என்று பெண்வீட்டார் சொன்ன பிறகே கோப்பை வாய்க்குப் போகும். எல்லாம் முன்பே பேசி முடித்த சங்கதிதான். மோதிரம் வாங்கியாகிவிட்டது, இனிப்பு அடுப்பில் இருக்கிறது. இருந்தாலும் அந்தச் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெண்ணைப் பெற்றவராக இருக்கக் கூடாது என்று முடிவாகியிருந்தது. ஏனென்றால் மைஸூனின் வாப்பா முன்திருக்குத் திக்குவாய்.

பெண்வீட்டுக்காக வேறொரு பெரியவர் பேசுவது ஊரில் புதிதல்ல. பேசுகிறவர் பேசட்டும், பெற்றவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்காரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நல்ல மனிதனுக்கு நோயாளி வேஷம் போட்டு, அவர் வாய்க்குப் பூட்டும் போட்டு மூலையில் உட்காரவைப்பது என்ன வழக்கம்? அதுதான் மைஸூனுக்குத் தாங்கவில்லை.

கூடத்தில் பெரிய வாப்பாவின் குரல் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

ஆளுயரக் கண்ணாடி முன்னால் முன்திர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றி அந்த மஃப்ளர். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். காதோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. ஃபவ்வாஸ் பின்னால் நின்று முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுத்து சுத்தணும். தொண்ட வீங்கியிருக்குன்னு பாத்ததும் தெரியணும்ல?"

"தூக்குல போடறதா இருந்தா சொல்லுங்க பெரிய வாப்பா, கயிறு எடுத்துட்டு வர்றேன்" என்றாள் மைஸூன்.

"வந்துட்டா. வரும்போதே கத்தியத் தீட்டிக்கிட்டு." ஃபவ்வாஸ் திரும்பாமலே பேசினார். "நான் யாருக்காகச் செய்றேன்? உனக்காகத்தான். உன் மாமியாரு நஜ்வா போன் பண்ணாங்க. 'உங்க தம்பி அபூ மைஸூன் தங்கமான மனுஷன். ஆனா வீடியோ எடுக்கறோம், வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் பாக்கும், அவரு பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது'ன்னாங்க. அவங்க வகையறா தலைமுறை தலைமுறையா ஜும்ஆ மேடையில பேசினவங்க. அவங்க முன்னாடி இவன் எந்திரிச்சு நின்னு த... த... ன்னா நல்லாவா இருக்கும்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தொண்டையில புண்ணு, டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாருன்னு சொல்லிட்டேன். ஊரு பூராவும் சொல்லியாச்சு. சம்மதமும் நான் சொல்லிடுவேன், அப்புறம் ஷேக் வந்ததும் நிக்காஹ் வார்த்தையும் இவனுக்குப் பதிலா நானே சொல்லிடுவேன். வாயுள்ள புள்ள பொழைக்கும்மா. உங்க வாப்பாவுக்கு வாயி நான்தான். இன்னிக்கு நேத்தா?"

பொய் நன்றாகவே பரவியிருந்தது. மேசைமேல் அண்டை வீட்டார் அனுப்பிய தேன் பாட்டில், கருஞ்சீரக எண்ணெய், இரண்டு பிளாஸ்க் நிறைய கசப்பு மூலிகைத் தண்ணீர். எதிர்வீட்டு அம்மா ஓதி ஊதிய தண்ணீர் தனியாக ஒரு சீசாவில். இத்தனை நல்ல மனசுக்காரர்களை ஏமாற்றுகிறோமே என்ற கூச்சம் முன்திர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஃபவ்வாஸின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மைஸூன் 'மஃப்ளர்' என்று கத்தத்தான் வாயெடுத்தாள். அந்தச் சொல் வராது என்று நாக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. நொடியில் பாதையை மாற்றினாள்.

"அந்தத் துணியக் கழட்டுங்க" என்றாள்.

ஒருவரும் கவனிக்கவில்லை. எப்போதுமே கவனித்ததில்லை. இதுதான் அவளுடைய ரகசியம். வாப்பாவுக்கு இருப்பது அவளுக்கும் இருக்கிறது. அவர் நின்று திணறுவார், அவள் நிற்க மாட்டாள். ஒரு சொல் அடைத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை எடுத்துப் போட்டுவிடுவாள். டீச்சராக ஆசைப்பட்டவள், தினமும் வாய்விட்டுப் பேச வேண்டுமே என்று பயந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளோடு உட்கார்ந்துவிட்டாள். பேர் கேட்டால் சட்டையில் குத்திய அட்டையைக் காட்டுவாள். யஸனுக்கும் தெரியாது. 'என் மைஸூன் யோசிச்சு அளந்து பேசுவா' என்று அவன் நண்பர்களிடம் பெருமை பேசுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

நிக்காஹ் நேரத்தில் ஷேக் கேட்பார். தன் பேரையும் அவன் பேரையும் சொல்லி, சம்மதம் என்று சொல்ல வேண்டும். அங்கே சொல்லை மாற்ற முடியாது. அதை நினைத்துப் பல நாளாக அவளுக்குத் தூக்கமில்லை.

"கல்யாணப் பொண்ணு உள்ள போம்மா" என்றார் ஃபவ்வாஸ். "தம்பி, நீ என்னடா சொல்ற?"

முன்திரின் உதடு குவிந்தது. "ச..."

"சரிங்கறான்" என்றார் ஃபவ்வாஸ்.

அவர் சொல்ல வந்தது சரியா, சகிக்கவில்லை என்பதா, யாருக்குத் தெரியும்?

*

சமையலறையில் உம்மா இப்திஸாம் குனாஃபா இனிப்புத் தட்டுகளின்மேல் பிஸ்தாத் தூளைத் தூவிக்கொண்டிருந்தாள். நெய் மணம் தூக்கியடித்தது. மைஸூனுக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

"நீங்களும் கூட்டுத்தானே உம்மா?"

"நான் என்னடி பண்ணுவேன்? உங்க வாப்பாவே தலையாட்டிட்டாரு."

"அவரு எதுக்குத்தான் தலையாட்டல? கடையில முக்கால் இஞ்சுக் குழாய்னு சொல்ல வர்றதுக்குள்ள வந்தவன் அரை இஞ்சான்னு முடிப்பான், இவரும் ஆமான்னு அரை இஞ்சு எடுத்துக் குடுப்பாரு. மறுநாள் அவனே வந்து சண்டை போடுவான்."

இப்திஸாமுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"குழாய் என்னடி குழாய். உன் பேரே அப்படி வந்ததுதான்."

"என்ன?"

"நீ பொறந்தப்ப உங்க வாப்பாவுக்கு மர்யம்னு வைக்கணும்னு ஆசை. அவங்க உம்மா பேரு. பதிவு ஆபீஸ்ல போயி நின்னு ம... ம... ன்னு திணறியிருக்காரு. கூடப் போன உங்க பெரிய வாப்பா, 'மைஸூன்! மைஸூன்னு எழுதுங்க சார், அருமையான பேரு'ன்னுட்டாரு. எழுதி முத்திரையும் குத்தியாச்சு. வீட்டுக்கு வந்து எங்கிட்ட இனிப்பு நீட்டறாரு மனுஷன், கண்ணுல தண்ணி. நான் சந்தோஷத்துலன்னு நெனச்சேன்."

மைஸூன் அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லத் திணறுகிற அந்தப் பேர், அட்டையைக் காட்டித் தப்பிக்கிற அந்தப் பேர், வாப்பா வைத்ததே இல்லையா? மைஸூனின் வாப்பா என்ற பொருளில் ஊரே அவரை 'அபூ மைஸூன், அபூ மைஸூன்' என்று கூப்பிடுகிறதே! தினமும் நூறு தடவை அடுத்தவன் அவர் வாயில் போட்ட சொல்லாலேயே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போவுது? பேரு நல்லாத்தானே இருக்கு."

நல்லாத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். மைஸூன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவள் யஸனுக்குச் செய்திதான் அனுப்புவாள், போனில் பேசவே மாட்டாள். இன்றைக்குக் கோபத்தில் விரல் நேராக அழைப்பில் போய் விழுந்தது.

"மைஸூன்? நீயா கூப்பிட்ட? என்னாச்சு?"

"உங்க உம்மா எங்க வாப்பா பேசக் கூடாதுன்னாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

"வல்லாஹி, சத்தியமா தெரியாது." அவன் குரல் நிஜமாகவே அதிர்ந்தது. பிறகு இளகியது. "ஆனா ஒண்ணு சொல்லட்டா? ஒருவகையில நல்லதுதான் போல. அவ்வளவு பேரு முன்னாடி பாவம் மாமா எதுக்குக் கஷ்டப்படணும்?"

பாவமாம்!

"கஷ்டப்படப் போறது அவரா, கேக்கறவங்களா?"

"அட, நான் தப்பா சொல்லல. நீ இவ்வளவு அழகா பேசறவ, உனக்கு அது புரியாது..."

இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் புரியும் யஸன், எனக்கும் அதேதான். சொல்ல வாய் திறந்தாள். தொண்டையில் கதவு விழுந்தது. காற்றுகூட வரவில்லை. அந்தப் பக்கம் அவன் "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்லையா?" என்றான்.

"சரி, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள். சுலபமாக வந்த சொற்கள் அவைதான். அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

*

முன்திர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கோட்டு அழுக்காகுமே என்ற கவலை இல்லை. கையில் ஒரு ஸ்பேனர். ஒழுகாத வால்வை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று போய் நின்றாள் மைஸூன்.

அவர் சொல்லத் தொடங்கினார். முன்திர் ஒரு வாக்கியம் சொல்வதை எழுத்தில் காட்டுவது கஷ்டம். பாதி இடத்தில் சத்தமே இருக்காது, தாடை மட்டும் இறுகும், கண் மூடிக்கொள்ளும். மைஸூன் அவர் பேச்சை ஒருநாளும் முடித்துவைத்ததில்லை. நின்று கேட்பாள்.

"ப... பழகிடுச்சு" என்றார். "உன் நாள்ல... என்னால... சி... சிரிப்பு வேணாம்."

"யாரு சிரிச்சா? சிரிக்கறவன் பல்லத் தட்டுவேன். நீங்க பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கறதப் பாத்து நான் நிக்காஹுக்குச் சம்மதம் சொல்லணுமா? வெக்கமா இல்லையா வாப்பா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெற்ற வாப்பாவைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்திர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் முகத்திலும் கோபம் ஏறியது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே அபூர்வம்.

"நீ ஏன்... கா... காபி குடிக்கறதில்ல?"

"என்ன?"

"வீ... வீட்ல யாரும் இல்லன்னா குடிக்கற. பா... பாத்திருக்கேன். வெளிய போனா... டீ."

மைஸூனுக்குக் காது சூடானது. உண்மை. அவளுக்குக் காபி என்றால் உயிர். ஆனால் கடையில், விருந்தில், யார் கேட்டாலும் அந்தச் சொல் அடைக்கும். டீ என்பது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் டீதான். 'எம் பொண்டாட்டி ஆகப்போறவளுக்குக் காபி பிடிக்காது' என்று யஸன் ஹோட்டல்காரனிடம் அவளுக்கும் சேர்த்துச் சொல்வான்.

"உன் மூ... மூக்கு என்னோடது. கு... குடுத்தேன். பரவால்ல." முன்திர் எழுந்து நின்றுவிட்டார். வார்த்தை ஒவ்வொன்றும் மல்லுக்கட்டிக்கொண்டு வந்தது. "இந்த ஒ... ஒளியற வித்தையையுமா... குடுத்தேன்?"

"பின்ன யாருகிட்டக் கத்துக்கிட்டேனாம்?" மைஸூனின் குரல் உடைந்தது. "உங்களுக்காக ஒவ்வொருத்தனும் பேசறதப் பாத்துப் பாத்துதான் கத்துக்கிட்டேன். திக்கிட்டா வாயப் புடுங்கிக்குவாங்கன்னு தெரிஞ்சுகிட்டேன். பேரக்கூடப் புடுங்கிட்டாங்க! உம்மா சொல்லிட்டாங்க."

முன்திர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். வியர்வை மஃப்ளருக்குள் இறங்கியது. கீழே தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றன. யஸன் வீட்டார் வந்துவிட்டார்கள்.

மஃப்ளரை அவர் கழற்றவில்லை. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மகளைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். மைஸூன் அழுதுகொண்டே பின்னால் போனாள். மை கலைந்துவிட்டது என்று கீழே நாலு பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

*

கூடம் நிறைந்து, முற்றமும் நிறைந்தது. பெண்கள் உள்ளறையில். நடுவே ஒரு திரை, அதை யாரும் முழுதாக மூடுவதில்லை. மைஸூன் திரையோரம் நின்றாள். பக்கத்தில் நஜ்வா மாமி, மாமியின் தங்கை, அத்தர் வாசனை, வளையல் சத்தம்.

மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் அபூ ஸாலிம் முன்னாள் நீதிபதி. அவர் முன்னால் கோப்பை வைக்கப்பட்டது. எழுந்து பேசினார். நல்ல பேச்சுத்தான், தடங்கல் இல்லாத பேச்சு. குலம், குணம், இறைவன், நபி எல்லாம் முறையாக வந்தன. கடைசியில், "எங்க புள்ள யஸனுக்கு உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம். பதில் கெடைக்காம இந்தக் காபியத் தொடமாட்டோம்" என்று உட்கார்ந்தார்.

ஃபவ்வாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். தொண்டை கனைக்கவே பிறவியெடுத்தாற்போல அந்த மனிதருக்கு அதில் ஒரு சுகம்.

"பெரியவங்களே, எந் தம்பிக்குத் தொண்டையில புண்ணு..."

"வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"வெங்காயத்தைச் சுட்டுக் கட்டணும்" என்றார் இன்னொருவர்.

"அல்லாஹ் ஷிஃபா கொடுப்பான்" என்றார் அபூ ஸாலிம்.

"ஆமீன். ஆகையினால அவனோட சார்பா நான்..."

முன்திர் எழுந்தார்.

எழுந்து, மஃப்ளரின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுக்கமானது, அவிழ நேரம் பிடித்தது. கழுத்து முழுக்க வேர்க்குருவாய்ச் சிவந்திருந்தது. கழற்றிய மஃப்ளரை மடித்து அண்ணனின் தோளில் போட்டார்.

"எந் தொ... தொண்டையில... ஒண்ணுமில்ல."

கூடத்தில் ஒரு சலசலப்பு. திரைக்குப் பின்னால் நஜ்வாவின் வளையல்கள் நின்றன.

"நான்... தி... தி..." தாடை இறுகியது. கண் மூடியது. முற்றத்தில் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். இரண்டு மூன்று போன்கள் மேலே உயர்ந்தன. மைஸூனுக்கு அந்தப் போன்களைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. "...திக்குவாயன். பொ... பொறந்ததுலேந்து."

"அதாவது, தம்பி என்ன சொல்ல வர்றான்னா..." என்றார் ஃபவ்வாஸ்.

முன்திர் கையை உயர்த்தினார். உள்ளங்கை அண்ணனைப் பார்த்து.

"சொல்ல வ... வரல. சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. முன்திர் ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தார். தேன் அனுப்பியவர்கள், ஓதி ஊதிக் கொடுத்தவர்கள் மன்னிக்க வேண்டும் என்றார். பொய் சொன்னது தன் வீடு, தனக்காகச் சொன்னார்கள், தானும் தலையாட்டிவிட்டதாகச் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் முழுவதுமாக அடைத்துக்கொண்டது. அபூ ஸாலிம் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். அது தப்பான சொல். முன்திர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தன்னுடையதைச் சொன்னார்.

"எம் பொ... பொண்ணு... ம... ம..."

"மைஸூன்!" என்றார் ஃபவ்வாஸ். பழக்க தோஷம்.

முன்திர் திரும்பினார். அந்தப் பார்வையில் ஃபவ்வாஸ் அரை அடி பின்வாங்கினார்.

"அண்ணே. பே... பேரு நீங்க வச்சது. பொ... பொண்ணு என்னோடது. நானே சொல்றேன்."

திரைக்கு இந்தப் பக்கம் மைஸூன் தன் பேருக்காகக் காத்திருந்தாள். அவர் மர்யம் என்று சொன்னாலும் அவளுக்குச் சம்மதமாகவே இருந்திருக்கும். வாப்பாவின் உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. கடைசியில் முழுசாக வந்தது.

"மைஸூன். அவளக் கு... குடுக்கறோம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ பே... பேசும்போது உங்க வீட்ல யாரும்... ந... நடுவுல முடிச்சு வைக்கக் கூடாது. கா... காபி ஆறிடுச்சு. குடிங்க."

அந்த வேண்டுதல் கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. அழகாகப் பேசுகிற பெண்ணுக்கு எதற்கு இப்படி ஒரு கட்டளை? அபூ ஸாலிம் மட்டும் "ஒப்புக்கிட்டோம், அபூ மைஸூன்" என்று சொல்லி, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். ஃபாத்திஹா ஓதினார்கள். உள்ளறையில் குலவை எழுந்தது. ஃபவ்வாஸ் தோளில் மஃப்ளரோடு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்.

நஜ்வா குலவை இடவில்லை.

*

"உடம்பு சரியில்லன்னுதானே சொன்னாங்க?" நஜ்வாவின் தங்கை குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரல் எல்லோருக்கும் கேட்டது. "மேடையேறிச் சொல்லிட்டாரே மனுஷன். அக்கா, இது ரத்தத்துல வர்றதாமே? நாளைக்குப் பேரப் புள்ளைங்களுக்கு வந்துச்சுன்னா?"

"வாய மூடு" என்றாள் நஜ்வா. பிறகு மைஸூனின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். "அதான் பொண்ணுக்கு வரலயே, அல்ஹம்துலில்லாஹ். எங்க மைஸூன் எவ்வளவு அழகா பேசறா!"

திட்டியிருந்தால்கூட மைஸூன் தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. யாரையோ புகழ்கிறார்கள். அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் சாப்பாட்டைச் சாப்பிடுகிற எவளையோ! வாப்பா இப்போதுதான் அங்கே அவ்வளவு பேர் முன்னால் கழுத்தைக் காட்டிவிட்டு நிற்கிறார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"வ... வந்திருக்கு மாமி."

"யாரு வந்திருக்கா?"

"எனக்கும் இ... இ..."

"இஷ்டம்தான்னு சொல்றா" என்றாள் மாமியின் தங்கை, உதவுகிற ஆசையில்.

மைஸூன் கையை உயர்த்தினாள். உள்ளங்கை அவளைப் பார்த்து. எங்கே பார்த்த கை அது என்று இப்திஸாமுக்குத் தெரிந்தது. கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கும் இ... இருக்கு. தி... திக்குவாய். வா... வார்த்தைய மாத்தி மாத்திப் பேசி ஒ... ஒளிச்சேன். உங்ககிட்ட. ய... யஸன்கிட்ட." முகம் கோணுகிறது, கண் மூடிக்கொள்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே பேசினாள். "தப்பு. ஒளிச்சது தப்பு. இருக்கறது த... தப்பில்ல. இனிமே மா... மாத்த மாட்டேன்."

ஒரு மூலையில் யாரோ குழந்தையை அதட்டினார்கள். நஜ்வாவின் முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு வலி, பிறகு ஏமாந்துவிட்டோம் என்ற கோபம். கடைசியாக வந்தது அங்கேயே தங்கிவிட்டது.

சித்தி மகள் காபிக் கூஜாவோடு சுற்றி வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நஜ்வாவின் கையில் ஒரு கோப்பையை வைத்து ஊற்றினாள். நஜ்வா அதைக் குடிக்கவில்லை. எல்லோரும் பார்க்க, குனிந்து, நிறைகோப்பையைத் தன் காலடியில் தரையில் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"ஷேக் உள்ள வர வேணாம். முதல்ல எம் மகனக் கூப்பிடுங்க" என்றாள்.

இப்திஸாம், "சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க..." என்று முன்னால் வந்தாள். மைஸூன் உம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். வேண்டாம், யாரும் எனக்காகக் கெஞ்ச வேண்டாம்.

கூஜாக்காரி அவள் பக்கம் வந்தவள் கூஜாவை நிமிர்த்திக்கொண்டாள். "உனக்கு டீதானே? கொண்டாரேன்."

"இ... இல்ல. கா..."

நின்றது. வழக்கமான இடத்தில், வழக்கமான கதவு. டீ என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. மைஸூன் அதை விழுங்கினாள். அறையே காத்திருந்தது. காத்திருக்கட்டும்.

"...கா... காபி."

ஊற்றினாள். மைஸூன் குடித்தாள். ஏலக்காயும் கசப்புமாகச் சுட்டது. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவள் ஆட்டவில்லை. இன்னும் ஊற்று என்று நீட்டினாள்.

திரை விலகியது. யஸன் நின்றான். கோட்டில் ரோஜா, முகமெல்லாம் சிரிப்பு. வெளியே இவ்வளவு நேரம் எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்? உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் காலடியில் நிறைந்திருந்த கோப்பையைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது. கடைசியில் அவன் கண் மைஸூனின் கையில் போய் நின்றது.

"மைஸூன்... நீதான் காபி குடிக்க மாட்டியே?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. முதல் சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது. அவள் வேறு சொல் தேடவில்லை.